வீட்டுக் கணனியில் பாவனையாளர் கணக்குப் பக்கம் திறக்க மறுத்தால்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2009 இல் வன்னியிலிருந்தும் எமது மக்கள் எழும்பி நடந்தபோது, அரிசிப் பையைவிடக் கவனமாகப் பிடித்திருந்தது கடதாசிப் பையைத்தான். காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்பன அந்தப் பையில் இருந்தன. மழையில் நனைந்து கரைந்தவை போக எஞ்சியவற்றை இன்று பல குடும்பங்கள் படம் பிடித்து வீட்டுக் கணனியில் சேர்த்து வைத்திருக்கின்றன. இது நல்ல பழக்கம். ஆனால் கணனியும் ஒரு பெட்டகமே. அதன் பூட்டு பழுதாகும் நாளில் என்ன செய்வது என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பழைய மடிக்கணனி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. மகள் கடவுச்சொல்லை மாற்ற விரும்பி, செற்றிங்ஸ் என்ற பகுதியில் கணக்குப் பக்கத்தை அழுத்துகிறாள். சாளரம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. மறுபடி அழுத்தினாலும் அதேதான். கடைக்குக் கொண்டு போனால், “போமற் அடித்தால் எல்லாம் சரியாகும்” என்கிறார்கள். அது உண்மைதான். போமற் செய்தால் செற்றிங்ஸ் திறக்கும். ஆனால் உறுதியின் படமும், பிள்ளையின் பாடங்களும், இறந்தவர்களின் ஒளிப்படங்களும் போய்விடும்.

செற்றிங்ஸ் திறக்காமை ஒரு சிறு நோய். கோப்புகளை இழப்பது பெரு நட்டம். சிறு நோய்க்காக நாம் பெரு நட்டத்தை ஏற்க வேண்டியதில்லை. இதுவே இந்தப் பாடத்தின் சாரம். வீடுகளில் அதிகமாகக் காணப்படும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணனிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். குடும்பத்தில் கணனி பழகிய பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருக்க, பெரியவர்கள் வாசித்து வாசித்துச் செய்யலாம்.

1. கணக்கு என்பது என்ன?

ஒரே வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரப் பெட்டி இருப்பதுபோல, ஒரே கணனியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கலாம். அவரவர் கோப்புகள், படங்கள், விருப்ப ஒழுங்குகள் அந்தந்தக் கணக்குக்குள் இருக்கும். வன்தட்டில் சீ என்ற பிரிவுக்குள் யூசர்ஸ் என்ற உறை உண்டு. அதனுள் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் உறை இருப்பதைக் காணலாம். எமது கடதாசிகள் உண்மையில் இருப்பது அங்கேதான்.

கணக்குகள் இரண்டு வகை. ஒன்று வீட்டுத் தலைவரின் அதிகாரம் கொண்டது. இதை அட்மினிஸ்ட்ரேட்டர் என்பார்கள். புதிய கணக்குத் தொடங்கவும், கடவுச்சொல் மாற்றிக் கொடுக்கவும், மென்பொருள் நிறுவவும் இந்த அதிகாரம் வேண்டும். மற்றையது சாதாரண கணக்கு. அதில் எழுதலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம். ஒழுங்குகளைப் பெரிதாக மாற்ற முடியாது.

இன்னொரு பிரிவும் உண்டு. சில கணக்குகள் அந்தக் கணனிக்குள் மட்டும் வாழ்பவை. சில மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இணையக் கணக்கோடு இணைக்கப்பட்டவை. அவற்றுக்கு மின்னஞ்சல் முகவரியே பெயர். உங்கள் கணக்கு எந்த வகை என்பதை இன்றே பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

2. முதல் வேலை: கோப்புகளை வெளியே எடுத்தல்

விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே மூடையில் கட்டி வைக்கும் விவசாயி இல்லை. பஞ்சத்திலும் விதைநெல்லைத் தனியே வைப்போம். கோப்புகளுக்கும் அதே சட்டம்தான். எந்தத் திருத்த வேலைக்கும் முன்னர் ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும்.

செற்றிங்ஸ் திறக்காவிட்டாலும் கோப்புகள் பெரும்பாலும் திறக்கும். ஒரு பென் டிரைவைச் செருகுங்கள். மஞ்சள் உறைப் படத்தை அழுத்தி, சீ பிரிவு, யூசர்ஸ், உங்கள் கணக்கின் பெயர் என்று உள்ளே போங்கள். டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு உறைகளையும் பென் டிரைவுக்குப் பிரதி செய்யுங்கள். வன்டிரைவ் என்ற உறை இருந்தால் அதையும் பாருங்கள். கோப்பின் அருகே முகில் போன்ற அடையாளம் மட்டும் இருந்தால், அந்தக் கோப்பு இந்தக் கணனியில் இல்லை, இணையத்தில் இருக்கிறது என்பது பொருள். இணையத் தொடர்பு உள்ளபோது அதைத் திறந்து, கணனிக்கு இறங்கிய பின்னரே பிரதி செய்ய முடியும்.

பிரதி செய்த பின், பென் டிரைவைக் கழற்றி இன்னொரு கணனியில் செருகி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ண வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணனிக்குள் நுழைந்தவுடன் உங்கள் படங்களும் கோப்புகளும் ஒன்றும் இல்லாமல், புதுக் கணனிபோல் வெறுமையாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். ஆங்கிலத்தில் தற்காலிகக் கணக்கில் நுழைந்திருப்பதாக ஓர் அறிவித்தலும் வரலாம். உங்கள் உண்மையான உறையைத் திறக்க முடியாததால் விண்டோஸ் ஒரு தற்காலிக உறையைத் தந்திருக்கிறது. பழைய கோப்புகள் பெரும்பாலும் யூசர்ஸ் உறைக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தத் தற்காலிகக் கணக்கில் இருந்துகொண்டு நீங்கள் புதிதாகச் சேமிப்பவை, வெளியேறும்போது அழிந்துவிடும். ஆகவே அதில் எதையும் எழுதிச் சேமிக்க வேண்டாம். கணனியை ஒருமுறை மீளத் தொடக்கிப் பாருங்கள். பல வேளைகளில் உண்மைக் கணக்கு திரும்பிவிடும்.

3. இரண்டாம் வேலை: நன்றாகப் பார்த்தல்

நீரிறைக்கும் பம் தண்ணீர் தராவிட்டால் நாம் உடனே எஞ்சினைப் பிரிப்பதில்லை. எண்ணெய் இருக்கிறதா, பிளக் கரி பிடித்திருக்கிறதா, புட்வால்வில் குப்பை சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கணனியிலும் அப்படியே. திறக்கவில்லை என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு நோய்கள் இருக்கலாம்.

(அ) செற்றிங்ஸ் சாளரம் தோன்றி உடனே மறைகிறது, அல்லது வெறுமையாக நிற்கிறது. இது பெரும்பாலும் விண்டோஸின் கோப்புகளில் அல்லது உங்கள் கணக்கின் ஒழுங்குகளில் ஏற்பட்ட பழுது.

(ஆ) பக்கம் திறக்கிறது. ஆனால் மாற்றம் செய்யப் போனால் வேறொருவரின் கடவுச்சொல்லைக் கேட்கிறது, அல்லது ஆம் என்ற பொத்தான் மங்கிக் கிடக்கிறது. இது பழுதல்ல, அதிகாரம் இல்லாமை.

(இ) இந்தக் கணனியில் உள்ள கட்டுப்பாடுகளால் செயல் நிறுத்தப்பட்டது, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வருகிறது. இது யாரோ வேண்டுமென்றே போட்ட பூட்டு.

(ஈ) செற்றிங்ஸ் மட்டுமன்றி எல்லாமே மெதுவாக, அரைகுறையாக இயங்குகிறது. வன்தட்டு நிரம்பியிருக்கலாம், பழுதாகிக் கொண்டிருக்கலாம், அல்லது தீய மென்பொருள் புகுந்திருக்கலாம்.

திரையில் வரும் அறிவித்தலைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்து வையுங்கள். “ஏதோ ஆங்கிலத்தில் வந்தது” என்று சொல்வதைவிட அந்தப் படம் உதவுபவருக்குப் பத்து மடங்கு பிரயோசனமானது.

4. சிறிய வைத்தியங்கள்

முதலாவது, கணனியை மீளத் தொடக்குதல். பலர் சட் டவுண் கொடுத்து, பின் மீண்டும் போடுகிறார்கள். விண்டோஸ் 10 இலும் 11 இலும் விரைவாகத் தொடங்குவதற்காக, சட் டவுண் கொடுக்கும்போது உள்ளிருக்கும் நிலையின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுவதுண்டு. பழைய கோளாறும் அதனோடு எழும்பி வரலாம். றீஸ்டார்ட் என்பதைக் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இரண்டும் ஒன்றல்ல. அப்டேட் செய்து மீளத் தொடக்கவும் என்று ஒரு தெரிவு இருந்தால் அதையே கொடுங்கள். அது முடியும்வரை மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது, வன்தட்டில் இடம் பார்த்தல். சீ பிரிவின் கோடு சிவப்பாக இருந்தால் இடம் முடிகிறது என்று பொருள். இடம் இல்லாதபோது விண்டோஸ் தன் குறிப்புகளையே எழுத முடியாமல் தடுமாறும். குப்பைத் தொட்டியை வெறுமையாக்குங்கள். திரைப்படங்களை வெளியே மாற்றுங்கள்.

மூன்றாவது, திகதியையும் நேரத்தையும் பார்த்தல். பழைய கணனிகளில் தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்தால், மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு முறையும் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். திகதி பிழைத்தால் இணையத்தளங்கள் நம்பிக்கைச் சான்றை ஏற்க மறுக்கும். இணையக் கணக்கில் நுழைய முடியாது. பெரும்பாலான கணனிகளில் இது 3 வோல்ட் கொண்ட 2032 என்ற இலக்கமுள்ள மின்கலம். சிறிய செலவில் மாற்றிவிடலாம்.

நான்காவது, வேறு வாசலால் போதல். முன்வாசல் இறுகினால் குசினி வாசல் இருக்கிறது.

– விசைப்பலகையில் விண்டோஸ் அடையாள விசையையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செற்றிங்ஸ் நேரே திறக்கும். படத்தை அழுத்தித் திறக்காதது இப்படித் திறக்கலாம்.

– கடவுச்சொல்லை மாற்றுவது மட்டுமே தேவையானால், கொன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் பட்டியலில் கடவுச்சொல் மாற்றும் தெரிவு இருக்கும். கணனிக்குள் மட்டும் வாழும் கணக்குகளுக்கு இதுவே போதும்.

– தேடல் பெட்டியில் கொன்ட்ரோல் பனல் என்று ஆங்கிலத்தில் எழுதித் திறந்தால், அங்கும் யூசர் அக்கவுன்ற்ஸ் என்ற பழைய பக்கம் உண்டு.

– விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் கொன்ட்ரோல் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, யூசர், பாஸ்வேட்ஸ் என்ற இரு சொற்களையும் ஒட்டி எழுதி, கடைசியில் இடைவெளியின்றி 2 என்ற இலக்கத்தைச் சேர்த்து என்ரர் விசையை அழுத்துங்கள். கணனியில் உள்ள எல்லாக் கணக்குகளின் பட்டியலும் ஒரு சாளரத்தில் வரும். செற்றிங்ஸ் முற்றாக இறுகிய வேளையிலும் இந்த வாசல் பெரும்பாலும் திறக்கும். இதை மனப்பாடம் செய்து வையுங்கள். அடுத்த பகுதிகளில் தேவைப்படும்.

5. அதிகாரம் யாருடையது?

எமது குடும்பங்களில் உள்ள கணனிகளில் பல, கடையில் புதிதாக வாங்கியவை அல்ல. உறவினர் அனுப்பியவை, அலுவலகங்கள் பாவித்துக் கழித்தவை, திட்டங்களின் முடிவில் அன்பளிப்பாகக் கிடைத்தவை. ஆகவே (ஆ), (இ) என்று மேலே குறித்த நோய்கள் எம்மிடம் அதிகம்.

உறவினர் தன் மைக்ரோசொப்ட் கணக்கை நீக்காமலே மடிக்கணனியை அனுப்பியிருக்கலாம். அப்படியானால் வீட்டுத் தலைவரின் அதிகாரம் இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது. அவர் ஒரு நாட்டில் தன் கடவுச்சொல்லை மாற்றினால் இங்கே உங்கள் வேலை நிற்கலாம். இதற்கு மருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. அவரோடு பேசி, அவர் உதவியுடன் நுழைந்து, உங்கள் குடும்பத்துக்கென அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரமுள்ள கணக்கொன்றைத் தொடங்கிய பின் அவர் கணக்கை நீக்குங்கள். கணனி வந்த வாரத்திலேயே இதைச் செய்வது நல்லது.

அலுவலகத்திலிருந்து வந்த கணனியில், சில ஒழுங்குகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காணப்படலாம். அலுவலகத்தார் கணக்குப் பக்கத்தையே மறைத்து வைத்திருக்கவும் முடியும். பூட்டை உடைக்க முயல வேண்டாம். கணனியைத் தந்தவர்களிடம் போய், தங்கள் நிர்வாகத்திலிருந்து அதை விடுவித்துத் தரும்படி கேளுங்கள். அன்பளிப்பாகத் தந்த பொருளின் திறப்பையும் சேர்த்துக் கேட்பது வெட்கமல்ல.

வீட்டில் யாரிடமும் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் இல்லையென்றால், கணக்கு எந்த வகை என்று பாருங்கள். இணையக் கணக்கானால் மைக்ரோசொப்ட் தளத்தில் மீட்கலாம். ஆனால் மீட்புக் குறியீடு முன்பு கொடுத்த தொலைபேசி இலக்கத்துக்கோ மின்னஞ்சலுக்கோதான் போகும். இடம் மாறும்போது சிம் அட்டையையும் மாற்றிவிடும் எமது குடும்பங்களுக்கு இது பெரிய தடை. பழைய தொடர்புகள் எதுவுமே இல்லாமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் 30 நாட்கள் காத்திருக்க வேண்டியும் வரும். இலக்கம் மாறினால் அன்றே கணக்கிலும் மாற்றுங்கள்.

6. புதிய கணக்கு: பழுது எங்கே என்று காட்டும் சோதனை

அதிகாரம் இருந்தும் செற்றிங்ஸ் திறக்கவில்லையென்றால், பழுது விண்டோஸிலா அல்லது உங்கள் கணக்கிலா என்று அறிய வேண்டும். ஒரு வயலில் பயிர் மஞ்சளானால், அதே விதையை வேறு மண்ணில் போட்டுப் பார்ப்பதில்லையா? அதைப் போன்ற சோதனை இது.

மேலே சொன்ன கணக்குப் பட்டியல் சாளரத்தைத் திறவுங்கள். அட் என்ற பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சல் முகவரி கேட்கும். கொடுக்க வேண்டியதில்லை. அடியில் மைக்ரோசொப்ட் கணக்கு இல்லாமல் நுழையும் தெரிவு சிறிய எழுத்தில் இருக்கும். அதை அழுத்தி, லோக்கல் அக்கவுன்ற் என்பதைத் தெரிந்து, ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். பின் பட்டியலில் அந்தப் புதிய பெயரைத் தெரிந்து, புறொப்பர்ட்டீஸ் என்ற பொத்தானுக்குள் போய், அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.

இப்போது பழைய கணக்கிலிருந்து வெளியேறி, புதிய பெயரால் நுழையுங்கள். முதல் முறை சில நிமிடங்கள் எடுக்கும். அங்கே செற்றிங்ஸைத் திறந்து பாருங்கள்.

திறந்தால் நல்ல செய்தி. விண்டோஸ் சுகமாக இருக்கிறது. பழைய கணக்கின் ஒழுங்குக் கோப்பு மட்டுமே பழுதாகியிருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென நிற்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அத்தகைய நாட்களில் மின்கலம் செத்த மடிக்கணனிகளும் மேசைக் கணனிகளும் எத்தனை முறை இடைநடுவில் நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது குடிபெயர்வது. புதிய கணக்கில் இருந்தபடி யூசர்ஸ் உறைக்குள் பழைய பெயரைத் திறவுங்கள். அனுமதி இல்லை என்று கேட்டால் தொடர்க என்று கொடுங்கள். முன்பு சொன்ன நான்கு உறைகளிலும் உள்ள கோப்புகளைப் புதிய கணக்கின் அதே உறைகளுக்குப் பிரதி செய்யுங்கள். மறைந்திருக்கும் ஒழுங்குக் கோப்புகளைத் தொட வேண்டாம். அவற்றோடு பழுதும் கூடவே வரும். இணைய உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் இப்படி வந்து சேராது. அவற்றைப் பழைய கணக்கில் இருக்கும்போதே கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள்.

பழைய கணக்கை உடனே அழிக்க வேண்டாம். கணக்கை நீக்கும்போது அதன் கோப்புகளும் சேர்ந்து அழிக்கப்படலாம். ஒரு மாதமாவது விட்டு வையுங்கள். விட்டுப்போன கடதாசி ஒன்று எப்போதும் பிறகுதான் நினைவுக்கு வரும்.

7. புதிய கணக்கிலும் திறக்காவிட்டால்

அப்படியானால் பழுது விண்டோஸில் இருக்கிறது. இதற்கும் படிமுறை உண்டு.

முதலில், விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சோதித்துத் திருத்தும் கட்டளை. தேடல் பெட்டியில் சீ, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதுங்கள். கொமாண்ட் ப்ரொம்ட் என்று வருவதை வலது பொத்தானால் அழுத்தி, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கும் தெரிவைக் கொடுங்கள். கறுப்புச் சாளரத்தில் எஸ், எஃப், சீ என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, வலப்பக்கம் சாய்ந்த கோடு, அதனை ஒட்டி ஸ்கான், நவ் என்ற இரு சொற்களும் சேர்த்து எழுதி என்ரர் விசையை அழுத்துங்கள். வீதக் கணக்கு நூறு வரை ஏறும். பழைய கணனியில் நேரம் எடுக்கலாம், பொறுத்திருங்கள். முடிந்ததும் றீஸ்டார்ட் கொடுங்கள். சிலவற்றைத் திருத்த முடியவில்லை என்று சொன்னால், டிஸ்ம் என்ற இன்னொரு கட்டளையை இணையத் தொடர்போடு இயக்க வேண்டும். அது நீளமானது, தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்விப்பது நன்று.

அடுத்தது, விண்டோஸை முந்திய ஒரு திகதிக்குத் திருப்புதல். தேடல் பெட்டியில் றிகவரி என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் சிஸ்டம் ரிஸ்டோர் என்ற வசதியை அடையலாம். இது உங்கள் கடதாசிகளைத் தொடாது. ஆனால் முன்னரே அந்த வசதி இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே திரும்பிப் போகத் திகதிகள் இருக்கும்.

கடைசி மருந்து, விண்டோஸை மீளமைத்தல். நுழைவுத் திரையில் பவர் அடையாளத்தை அழுத்தி, சிப்ட் விசையைப் பிடித்தபடி றீஸ்டார்ட் கொடுத்தால், டிரபிள்சூட் என்ற பகுதிக்குள் இந்த வசதி வரும். அங்கே இரண்டு தெரிவுகள் இருக்கும். ஒன்று என் கோப்புகளை வைத்திரு என்பது. மற்றது எல்லாவற்றையும் நீக்கு என்பது. முதலாவதையே தெரிய வேண்டும். அப்போதும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், கோப்புகள் நிற்கும். இதற்கு முன்பும் பென் டிரைவில் பிரதி இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.

வைரஸ் சந்தேகம் இருந்தால், விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளில் முழுச் சோதனை செய்யுங்கள். விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இலும், விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இலும் முடிந்துவிட்டன. அந்தக் கணனிகள் இயங்கும். ஆனால் வேலி பழுதான தோட்டம் போன்றவை. அவற்றில் வங்கி வேலைகளைத் தவிர்ப்பது நல்லது.

திரையில் திடீரென ஒரு தொலைபேசி இலக்கம் தோன்றி, மைக்ரோசொப்ட் பேசுகிறது, உடனே அழையுங்கள் என்று பயமுறுத்தினால் அழைக்க வேண்டாம். மைக்ரோசொப்டின் உண்மையான பிழை அறிவித்தல்களில் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை. அது ஏமாற்று.

8. கடைக்குக் கொண்டு போகும்போது

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. கடைக்குப் போவதில் தவறில்லை. வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருவதே தவறு. கணனி திருத்தும் தம்பிமார் பொதுவாக நல்லவர்கள். ஆனால் உள்ளே இருப்பது காணி உறுதியா, சினிமாப் படமா என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: “தம்பி, போமற் பண்ண முதல் எங்கட கோப்புகளை எடுத்துத் தாங்கோ. எடுத்ததை நாங்கள் திறந்து பார்த்த பிறகு மற்ற வேலையைச் செய்யுங்கோ.” அதை ஒரு துண்டிலும் எழுதிக் கணனியில் ஒட்டிக் கொடுங்கள்.

கணனி தொடங்கவே மறுத்தாலும், வன்தட்டைக் கழற்றி வேறு கணனியில் பொருத்திக் கோப்புகளை எடுக்கப் பெரும்பாலும் முடியும். ஆனால் புதிய மடிக்கணனிகள் சிலவற்றில் வன்தட்டு முழுவதும் இரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் வேண்டும். அது பெரும்பாலும் கணனியை முதலில் தொடக்கியவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணனி நலமாக இருக்கும்போதே அதைத் தேடி எழுதி வையுங்கள்.

9. இனி இப்படி நேராதிருக்க

– இரண்டு திறப்புகள் வையுங்கள். அன்றாட வேலைக்கு ஒரு சாதாரண கணக்கு. அதைவிட, அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரமுள்ள இன்னொரு கணக்கு. ஒன்று இறுகினால் மற்றதால் நுழையலாம். பிள்ளைகளுக்குச் சாதாரண கணக்கே போதும்.

– கடவுச்சொற்களைக் கடதாசியில் எழுதி, உறையில் இட்டு, காணிக் கடதாசிகளோடு வையுங்கள். குடும்பத்தில் இருவராவது அந்த உறை எங்கே என்று அறிந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென நோயுற்றால் மனைவியும் பிள்ளைகளும் வாசலில் நிற்கக் கூடாது.

– முக்கிய கோப்புகள் மூன்று இடங்களில் இருக்கட்டும்: கணனியில் ஒன்று, வீட்டுப் பென் டிரைவில் ஒன்று, வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் ஒன்று. ஒரே கூரையின் கீழ் உள்ள இரண்டு பிரதிகளும் ஒரே வெள்ளத்தில் போகும்.

– உறுதியைப் படம் பிடிக்கும்போது எல்லாப் பக்கங்களையும், பின்புறத்தையும் பிடியுங்கள். உறுதி இலக்கம், திகதி, பிரசித்த நொத்தாரிசின் பெயர், பதிவு விபரம் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். படம் மூல உறுதிக்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்த ஒருவர் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்கப் போகும்போது, தேட வேண்டிய இடத்தைக் காட்டுவது அந்த விபரங்களே. அரச காணி அனுமதிப்பத்திரமானால் அதன் இலக்கத்தைக் கொண்டு பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

குழுவில் கலந்துபேச

1. எமது கிராமத்தில் எத்தனை குடும்பங்கள் காணிக் கடதாசிகளைக் கணனியில் அல்லது கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்கின்றன?

2. எமது வீட்டுக் கணனியின் அட்மினிஸ்ட்ரேட்டர் யார்? அவர் இல்லாத நாளில் யார் திறப்பார்?

3. கணனி தெரிந்த இளைஞர், இளம்பெண்கள் இருவர் மூவரைக் கொண்டு, மாதத்தில் ஒரு நாள் சனசமூக நிலையத்தில் பிரதியெடுக்கும் நாள் ஒன்றை ஒழுங்கு செய்ய முடியுமா? தேவையான பென் டிரைவுகளை மாதர் சங்கம் மொத்தமாக வாங்கினால் செலவு எவ்வளவு குறையும்?

4. மற்றவரின் கடதாசிகளைக் கையாளும் இளைஞர் எத்தகைய இரகசியம் காக்க வேண்டும்? அதை எப்படி உறுதி செய்யலாம்?

இந்தப் பாடத்தை வாசித்து முடித்ததும் ஒரு வேலையைச் செய்யுங்கள். கணனி நன்றாக இயங்கும் இன்றைக்கே, இரண்டாவது கணக்கைத் தொடங்கி, நான்கு உறைகளையும் பென் டிரைவில் எடுத்து, திறந்து பாருங்கள். அரை நாள் வேலைதான். செற்றிங்ஸ் என்றோ ஒரு நாள் திறக்க மறுக்கலாம். அன்று நீங்கள் ஆறுதலாக இருந்து, முதலாம் பகுதியிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்யலாம்.